மத்தியானத்தில் நேற்றாகிவிடும் முத்திரை

நான் முதன்முதலாகச் சம்பளம் வாங்கியது தென்காசியில் ஒரு மரக்கடை ஆபீசில். செங்கோட்டை திருவிதாங்கூரைவிட்டு நம் பக்கம் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. ஆபீசில் எனக்கு இருந்த ஒரே அதிகாரம் தேதி முத்திரை. வருகிற காகிதம், போகிற காகிதம் எல்லாவற்றிலும் அதைக் குத்தி ஃபைலில் போட வேண்டும்.

முதலாளிக்கு இங்கிலீஷ் தேதி ஆகாது. வெள்ளைக்காரன் போன பிறகும் அவன் மாசத்தை ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்பார். மதுரையில் சொல்லி, சித்திரை முதல் பங்குனி வரை ரப்பர் பட்டையில் சுற்றி வருகிற முத்திரை ஒன்றைச் செய்து வாங்கியிருந்தார். காலையில் நாள்காட்டித் தாளைக் கிழித்ததும் அதன்படி முத்திரையைத் திருப்பி வைப்பேன். அதற்குப் பிறகு அன்றைக்கு அதைப் பார்ப்பதே இல்லை. தேதி என்ன, மத்தியானத்தில் மாறவா போகிறது?

மாறியது. சித்திரையில் ஒருநாள் ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்த முதலாளி, "ஏலே, இங்கன வா" என்று கத்தினார். விலை கேட்டு ஒருவர் எழுதிய கடிதம் காலையில் வந்திருந்தது. மத்தியானமே பதில் போட்டுவிட்டோம். முத்திரையின்படி பார்த்தால், கடிதம் வருவதற்கு முந்தின நாளே பதில் போயிருந்தது.

"அவன் கேக்கதுக்கு முந்தியே வெலையச் சொல்லிருக்கியே, நீ என்ன சோசியனாலே?"

ஓடிப்போய் முத்திரையைப் பார்த்தேன். நேற்றைய தேதி! காலையில் நான் சரியாக வைத்தது சத்தியம். மறுநாளும் இதே கூத்து. காலையில் இன்று, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தால் நேற்று.

முதலில் எலியின் மேல் பழி விழுந்தது. ரப்பர் வாசனைக்கு வந்து பட்டையை இழுக்கிறதாம். தினமும் ஒரே ஒரு தேதி மட்டும் இழுத்துவிட்டுப் போகிற எலி எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தது என்று கேட்க வாய் துடித்தது. சம்பளத்தை நினைத்து மூடிக்கொண்டேன். மசால் வடை வைத்துப் பொறி வைத்தோம். எலி விழவில்லை, வடை மட்டும் காணாமல் போனது. முதலாளியின் மீசையில் வடைத் தூள் இருந்ததை நான் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன். வைகாசி பிறந்ததும் முத்திரை நல்ல பிள்ளையாகிவிட்டது. பேரெல்லாம் பொறிக்குப் போயிற்று.

ஆனியில் மறுபடியும் ஆரம்பித்தது. இந்த முறை பழி என் தலையில்.

"ஒனக்கு மண்டைச் சூடுலே. வைக்கது ஒரு தேதி, வச்சதா நெனைக்கது ஒரு தேதி. குத்தாலத்துக்குப் போயி நல்லாக் குளிச்சிட்டு வா."

அங்கே சாரல் தொடங்கியிருந்தது. தலையில் நல்லெண்ணெயை அப்பிக்கொண்டு தினமும் விடிகாலையில் அருவியில் நின்றேன். என்னைக் கண்காணிக்க முதலாளியும் வந்து என்னைவிட அதிக நேரம் குளித்தார். கையோடு முத்திரைக்கும் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டார். ஆடி பிறந்தது, முத்திரை திருந்தியது. "பாத்தியா, அருவி!" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

இந்த அமளியில் நிம்மதியாக இருந்தவர் செங்கோட்டை அண்ணாச்சி ஒருவர்தான். அங்கே எங்கள் கடைக்காக மரம் பார்த்து வாங்குகிறவர். தினமும் மத்தியான ரயிலில் வந்து, நான் சாப்பிடப் போயிருக்கிற நேரத்தில் தம்முடைய காகிதங்களில் தாமே முத்திரை குத்தி வைத்துவிட்டுப் போய்விடுவார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு குட்டிப் பஞ்சாங்கம். அதைப் பார்க்காமல் தும்மக்கூட மாட்டார். "தேதி விசயத்துல அண்ணாச்சியப் பாத்துப் படிலே" என்பார் முதலாளி. அண்ணாச்சி தம் தங்கை மகளை எனக்குப் பேசிக்கொண்டிருந்தார். பையனுக்கு நிலையான வேலை என்று அங்கே சொல்லியும் வைத்திருந்தார்.

ஆவணி பிறந்தது. முத்திரை மறுபடியும் பின்னால் போயிற்று. முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது.

"இந்த மாசம் முடியதுக்குள்ள எவன் மாத்துதான்னு பிடி. இல்லன்னா நீ வேற எடம் பாத்துக்கோ."

நான் நிஜமாகவே பயந்துபோனேன். வேலை போனால் பெண்ணும் போச்சு. சாப்பாட்டை விட்டுவிட்டு மத்தியானமெல்லாம் முத்திரைக்குக் காவல் இருந்தேன். அது அசையவே இல்லை. பெண் பார்க்கும் ஏற்பாட்டுக்காக அந்த வாரம் அண்ணாச்சி லீவில் இருந்தார் என்பதை நான் யோசிக்கவும் இல்லை. முதலாளி யோசித்துத் தீர்ப்புச் சொன்னார்.

"நீ பாத்தா மாறல. பாக்கலன்னா மாறுது. அப்போ மாத்துதவன் நீதாம்லே."

அண்ணாச்சி எங்களைப் பெண் பார்க்க வரச் சொல்லியிருந்தது ஆவணி இருபது. அப்பா, அம்மாவோடு செங்கோட்டைக்கு ரயிலேறினேன். தாம்பூலத் தட்டோடு போய் இறங்கினால், வாசல் கொடி முழுக்க ஈரத் துணி. பெண்ணின் அப்பா கோவணத்தோடு உட்கார்ந்து உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் துணிக்குப் பின்னால் பாய்ந்தார். முற்றத்தில் அள்ளி முடிந்த கொண்டையோடு ஒரு பெண் மாவாட்டிக்கொண்டிருந்தாள். ஒட்டடைக் கம்போடு அண்ணாச்சி வெளியே வந்தார்.

"என்ன, இன்னைக்கே வந்துட்டிய?"

"இன்னைக்கு இருவதுல்லா அண்ணாச்சி?"

"பத்தொம்பதுல்லா!" என்று பஞ்சாங்கத்தை உருவினார். "இந்தா பாரு, சிங்ஙம் பத்தொம்பது. நம்ம ஆவணிதாம்லே அது."

திருவிதாங்கூர்ப் பஞ்சாங்கம்! சூரியன் ராசி மாறுவது மத்தியானம் தாண்டிப் பொழுது அடைவதற்குள் நடந்தால், நமக்கு அன்றைக்கே மாசப் பிறப்பு. மலையாளத்தாருக்கு மறுநாள்தான். அதனால் சில மாசம் இரண்டும் ஒத்துப்போகும், சில மாசம் அவர்கள் ஒரு நாள் பிந்துவார்கள். எலிப்பொறியும் அருவியும் பேர் வாங்கியது ஒத்துப்போன மாசங்களில்.

அண்ணாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டேன். "அண்ணாச்சி, நம்ம ஆபீஸ் முத்திரை..."

"அத ஏன் கேக்க! தெனமும் ஒரு நாளக் கூட்டி வச்சிருத. நான்தான் வந்து திருத்திட்டுப் போறேன். மொதலாளிக்குத் தெரிஞ்சா ஒன் வேலைக்கில்லா ஆபத்து? அதான் மூச்சு விடல."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தேன். வேலை பிழைத்த சந்தோஷம், ஐந்து மாசத்து எரிச்சல் எல்லாம் சேர்ந்து வந்த சிரிப்பு. அம்மா தொடையில் கிள்ளினாள், நிற்கவில்லை. அம்மிக்கல், கொடித்துணி, அண்ணாச்சியின் ஒட்டடைக் கம்பு, எதைப் பார்த்தாலும் சிரிப்பு. ஆட்டுரல் சத்தம் நின்றுபோனது.

மறுநாள் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மீசையைத் தடவிக்கொண்டே, "அப்போ எலி?" என்றார். அந்த வாரமே இங்கிலீஷ் மாசம் போட்ட முத்திரை வந்துவிட்டது. என் வேலைக்கும் ஒன்றும் ஆகவில்லை. கல்யாணப் பத்திரிகையில் அப்பா கிழமையைக் கொட்டை எழுத்தில் போடச் சொன்னார்.

கல்யாணமாகி வெகு நாள் கழித்துத்தான் அவள் அதைச் சொன்னாள். முகம் தெரியாத ஒருவனுக்குக் கழுத்தை நீட்ட அவளுக்கு இஷ்டமே இல்லையாம். வந்தவர்கள் போனதும், வேண்டாம் என்று அழுது அடம்பிடிப்பதாக இருந்தாளாம்.

"நீங்க மறுநாள் வந்திருந்தா பட்டுச் சேலையக் கட்டி, தலையக் குனிஞ்சுல்லா நிக்க வச்சிருப்பாங்க? ஒங்க மூஞ்சியவே பாத்திருக்க மாட்டேன். மாவுக் கையோட நிமுந்து பாத்தா, ஒரு ஆளு தரையில உருண்டு சிரிக்காரு. சரி, இவருகூட இருந்துக்கிடலாம்னு தோணிச்சு."