தறிக்குழியில் தண்ணீர்

களம்பூரில் பிறந்து, அரிசி மில் களத்தில் நெல் காய்வதைப் பார்த்து வளர்ந்தவள் நான். என்னை ஆரணிக்குக் கட்டிக்கொடுப்பதற்கு முன்னால் என் வீட்டார் வந்து மாப்பிள்ளையைப் பார்த்தார்கள், தறியைப் பார்த்தார்கள், தறியில் இருந்த புடவையைத் தடவிக்கூடப் பார்த்தார்கள். சாக்கடையை மட்டும் பார்க்கவில்லை. பெண் கொடுக்கிறவர்கள் முதலில் சாக்கடையைப் பாருங்கள் என்று அன்றிலிருந்து நானும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஒருவரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

எழுபதுகளில் எங்கள் தெரு பாதி பூட்டிக்கிடந்தது. காஞ்சிபுரத்துக்கும் பெங்களூருக்கும் பிழைக்கப் போனவர்கள் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார்கள். பிறகு பக்கத்து வீட்டுக்காரர்களும் போனார்கள். போகும்போது அந்தச் சாவியையும் தங்கள் சாவியையும் சேர்த்து அடுத்த வீட்டில் கொடுத்தார்கள். இப்படியே கைமாறி எங்கள் வீட்டு ஆணியில் ஒரு கொத்துச் சாவி வந்து சேர்ந்தது. எதிர்வீட்டுக் கூரை ஒரு மழையில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. சுவரும் விழுந்து, உள்ளே எருக்கஞ்செடி வளர்ந்து, பன்றி குட்டி போட்டது. கதவு மட்டும் பூட்டியபடி நின்றது. அந்தப் பூட்டின் சாவியும் எங்களிடம்தான் பத்திரமாக இருந்தது.

தெருவின் நடுவே ஓடியதைச் சாக்கடை என்று சொல்வது மரியாதைக்குத்தான். மண்ணில் வெட்டிய பள்ளம். தெருமுனையில் சாயப்பட்டறை இருந்ததால் ஒரு நாள் சிவப்பாக ஓடும், ஒரு நாள் மயில் பச்சையாக ஓடும். அந்தப் பருவத்துக் கல்யாணங்களில் எந்த நிறத்துக்கு மவுசு என்று கடைக்காரர்களுக்கு முன்னால் எங்களுக்குத் தெரிந்துவிடும். ஓடும் என்றேன், அதுவும் தப்பு. அது ஓடாது. நின்று, ஊறி, வீட்டுக்குள் வரும்.

வீட்டுக்குள் வந்தால் எங்கே போகும்? தறிக்குழிக்குத்தான். எங்களுடையது குழித்தறி. தரையில் குழி வெட்டியிருக்கும். நெய்கிறவர் அதன் விளிம்பில் உட்கார்ந்து காலைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிபலகையை மிதிப்பார். வீட்டிலேயே தாழ்ந்த இடம் அதுதான் என்பதால் தண்ணீர் அங்கே போய்ச் சேர்ந்தது. மழைக்காலத்தில் கெண்டைக்கால் வரை நிற்கும். தறியை மேலே தூக்கிப் போடக் கூடாதா என்று என் அண்ணன் கேட்டார். தூக்கினால் என் வீட்டுக்காரர் ஓட்டைப் பிரித்துக்கொண்டு தலையை வெளியே நீட்டித்தான் நெய்ய வேண்டும்.

ஆக, மேலே கையில் பட்டு, கீழே காலில் சாக்கடை. விடியலிலிருந்து விளக்கு வைக்கும்வரை அப்படித்தான் அவருக்குப் பிழைப்பு. விரலிடுக்கில் புண் வந்தது. சேற்றுப்புண்தானே என்று மஞ்சள் வைத்தேன். அது ஆறவில்லை. டாக்டர் ஊதா மருந்து போட்டு, “கால ஈரத்துல வைக்காதீங்க” என்றார்.

“சரிங்க” என்றார் இவர். வந்து நேராகக் குழியில் காலை விட்டார்.

அடுத்த மழைக்காலத்தில் சுண்டுவிரல் கறுத்தது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இப்படியே விட்டால் விரலை எடுக்க வேண்டி வரும், அதோடு நிற்கும் என்றும் சொல்ல முடியாது என்றார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து நான் போட்ட சத்தம் தெருமுனைச் சாயப்பட்டறைவரை கேட்டிருக்கும்.

“களம்பூருக்குப் போயிடலாங்க. எங்க அண்ணன் மில்லுல வேல போட்டுக் குடுப்பாரு. அங்க தரையாவது காஞ்சிருக்கும்.”

“மில்லுல நான் இன்னாமே பண்றது? உமி அள்றதா?”

“கால் இருந்தா உமியாவது அள்ளலாம்!”

அவர் எழுந்தார். யூரியா கோணியைக் கிழித்துக் காலில் சுற்றிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். கோணிக்குள்ளும் தண்ணீர் போனது. உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லை என்பதுதான் அதில் கண்ட பலன். இந்த மனிதரோடு என்ன செய்வது?

அந்தச் சமயத்தில்தான் சாக்கடை மேஸ்திரி சேதி கொண்டுவந்தார். தெருவைக் கூட்டும் ஆட்களுக்கு அவர்தான் தலை. வேலூரிலிருந்து பெரிய ஆபீசர் வருகிறாராம். ஊரில் எந்தத் தெரு ரொம்ப மோசமாக இருக்கிறதோ அதற்கு சிமெண்ட் சாக்கடையும் தெருக்குழாயும் போடப்போகிறார்களாம். நான் சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றினேன். மோசம் என்பதில் எங்கள் தெருவை மிஞ்ச ஆரணியில் ஆளே கிடையாது.

ஆனால் எங்கள் தெருக்காரர்களை நான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. பெரிய மனிதர் தெருவுக்கு வருகிறார் என்றதும் அவர்களுக்குப் பெண் பார்க்க வருகிற மாதிரி ஆகிவிட்டது. அன்று சாயங்காலமே சுண்ணாம்பு வந்து இறங்கியது. பூட்டிய வீடுகளின் முன்சுவருக்கும் சேர்த்து அடித்தார்கள். எதிர்வீட்டின் ஒற்றைக் கதவுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்கள். பன்றிகளைப் பின்பக்கம் விரட்டினார்கள். சாக்கடையின் மேல் பலகை போட்டு, பலகைமேல் ஆற்று மணல் கொட்டி, மணல்மேல் தண்ணீர் தெளித்தார்கள். இனிமேல் அது தெருதான்.

நான் நடுத்தெருவில் நின்று கத்தினேன். “அய்யய்யோ, அவரு நம்ம நாத்தத்தப் பாக்கத்தானே வர்றாரு! அத மூடி வெச்சிட்டு இன்னாத்தக் காட்டப் போறீங்க?”

எங்கள் தெருவுக்குப் பெரியவர் ஒருவர் உண்டு. பஞ்சாயத்து, திருவிழா எல்லாவற்றுக்கும் அவர் சொல்வதுதான். அவர் என்னைப் பார்த்தார். “களம்பூர்ல எப்டியோ தெரியாதும்மா. நாம பட்டு நெய்றவங்க. வர்றவங்க மூக்கப் பொத்திகினு நின்னா நமக்கு மானம் போயிடும்.”

“விரலு போனா பரவால்லீங்களா?”

“பேஜாரு பண்ணாதம்மா. போயி வாசலத் தெளி.”

வீட்டுக்குள் வந்தால் அங்கே அதைவிடக் கூத்து. என் வீட்டுக்காரர் தறிக்குழியில் இறங்கி வாளி வாளியாக இறைத்துக்கொண்டிருந்தார். பிறகு அடுப்புச் சாம்பலைப் போட்டு ஒற்றினார், வைக்கோல் பரப்பினார், அதன்மேல் காய்ந்த மணல். “ஒருவேள வீட்டுக்குள்ள வந்துட்டார்னா?” என்றார். இத்தனை வருடத்தில் தன் காலுக்காக ஒரு சொம்பு தண்ணீர் இறைத்தவரில்லை.

ஆபீசர் வந்தார். மாலை போட்டார்கள். கோலி சோடா உடைத்துக் கொடுத்தார்கள். ஆள் உயரம்கூட இல்லாத எங்கள் தறியறைக்குள் குனிந்து வந்து பார்த்தார். புடவையைப் பார்த்தார், குழியைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் பெரியவர் முன்னால் வந்து, “தெரு உங்களுக்குப் புடிச்சிருக்குங்களா?” என்று கேட்டார். ரொம்பப் பிடித்திருக்கிறது என்றார் ஆபீசர். ஊரே இப்படி இருந்தால் எங்களுக்கு வேலையே இருக்காது என்று பாராட்டினார். தெருவே பூரித்துப்போனது.

அடுத்த தெருக்காரர்கள் எல்லோரும் அன்று சேத்துப்பட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். தெருவைக் கூட்டக்கூட ஆளில்லை. சாக்கடை அவர்களுக்குக் கிடைத்தது.

கிடைத்ததோடு விட்டிருந்தால் தேவலை. அவர்கள் தெரு கொஞ்சம் மேடு. சிமெண்ட் சாக்கடை வழவழவென்று போட்டதும் அதுவரை அங்கே தேங்கிய தண்ணீரெல்லாம் ஜல்தியாகக் கிளம்பி வந்தது. எங்கே வந்தது என்று நான் சொல்லவா வேண்டும்? இப்போது வெயில் காலத்திலும் எங்கள் தறிக்குழியில் தண்ணீர். பெரியவர் வீட்டுக் குழியிலும்தான். அன்றைக்கு அடித்த சுண்ணாம்பு கீழிருந்து உரிந்து வந்தது.

எங்களுக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று. அந்த ஆபீசருக்கு எங்கள் வீட்டுத் தறி மனதில் நின்றுவிட்டது. தன் பெண்ணின் கல்யாணப் புடவையை என் வீட்டுக்காரர்தான் நெய்ய வேண்டும் என்று மேஸ்திரியிடம் சொல்லி அனுப்பினார். அரக்கு உடம்பு, பச்சைக் கரை. எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணப் புடவை தறியில் ஏறினால் பெண்ணைப் பெற்றவர் வந்து தறியில் உட்கார்ந்து, குறுக்கு நூல் சுற்றிய நாடாவை ஒரு முறை தள்ளி, ஊடே ஓர் இழை ஓட்டிவிட்டுப் போக வேண்டும். அப்பா கையால் ஓர் இழை இருக்கட்டும் என்பார்கள்.

ஆபீசர் வந்தது ஐப்பசியில், விடாமழையில். முன்கூட்டிச் சொல்லவில்லை. ஜீப் தெருமுனையில் சேற்றில் நின்றுவிட, பேண்ட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேஸ்திரியின் குடைக்குள் நடந்து வந்தார். பலகை இல்லை, மணல் இல்லை. பெரியவர் துண்டை உதறிக்கொண்டு ஓடிவந்தார், ஆனால் மழையில் யாரால் என்ன மூட முடியும்?

என் வீட்டுக்காரர் பதறிப்போனார். “சார், உக்காரணும்னு இல்லீங்க. மேல நின்னபடியே நாடாவத் தொட்டுட்டா போதுங்க.”

“அதெல்லாம் இல்ல சார்” என்றேன் நான். “உங்க பொண்ணுக்கு. முறைப்படி உக்காந்து ஓட்டிட்டுப் போங்க.”

என் வீட்டுக்காரர் என்னை முறைத்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆபீசர் செருப்பை வாசலில் விட்டிருந்தார். விளிம்பில் உட்கார்ந்து இரண்டு காலையும் குழிக்குள் இறக்கினார். குழி இருட்டாக இருந்ததால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. தண்ணீர் அவர் கெண்டைக்காலை மூடியது. சட்டென்று மூச்சை இழுத்தார், ஆனால் காலை எடுக்கவில்லை. கல்யாணக் காரியம், பாதியில் எழக் கூடாது என்று அவருக்கே தெரிந்திருந்தது. என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக் காட்ட, மிதித்து, நாடாவைத் தள்ளினார். இழை ஓடியது.

முடிந்த பிறகும் அவர் எழவில்லை.

“தண்ணி நிக்குதே?” என்றார்.

“மழைக்காலம் பாருங்க, லேசா ஊறும்” என்றார் என் வீட்டுக்காரர்.

“வெய்யில்லயும் ஊறும் சார். நீங்க அடுத்த தெருவுக்குப் போட்டீங்களே காவா, அதுல வர்ற தண்ணி” என்றேன்.

ஆபீசர் பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரரின் கால்களைப் பார்த்தார். ஊதா மருந்து, கறுத்த விரல், வெளுத்து உரிந்த தோல். “நான் முன்ன வந்தப்ப இது காஞ்சிதானே இருந்தது?”

“எறைச்சி வெச்சிருந்தோங்க.”

“எதுக்கு?”

பெரியவர் கூரையைப் பார்த்தார். மேஸ்திரி குடையை மடக்கினார், விரித்தார். கடைசியில் என் வீட்டுக்காரர்தான், “நீங்க வர்றீங்கன்னுதாங்க” என்றார்.

ஆபீசர் எழுந்தார். நான் கொடுத்த தண்ணீரில் காலைக் கழுவிக்கொண்டு, துண்டில் துடைத்து, விரலிடுக்கையும் துடைத்துக்கொண்டு போனார். எனக்கு அவர்மேல் கோபம்தான் இருந்தது. ஆனால் அந்த விரலிடுக்கைத் துடைத்ததைப் பார்த்ததும் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

அடுத்து வந்த கோடையில் எங்கள் தெருவைத் தோண்டினார்கள். ஆழமாகவே தோண்டினார்கள். குப்பையும் பழைய ஓடும் சாயச் சேறும் வீட்டு வாசல்களில் மலையாகக் குவிந்தன. புகைபோட்ட மாதிரிப் புழுதி. பெரியவர் வீட்டுச் சுவர் விரிசல் விட்டது. சாக்கடை வந்தது, குழாய் வந்தது. பெங்களூரிலிருந்து ஒரு குடும்பம் திரும்பி வந்து சாவி கேட்டது. கொத்தில் எது அவர்கள் சாவி என்று தெரியாததால் பூட்டை உடைத்துத்தான் உள்ளே போனார்கள். எதிர்வீட்டுக் கதவையும் யாரோ ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். அந்த இடத்தில் புதுச் சுவர் எழும்பியது.

அடுத்த ஐப்பசியில், மழை பெய்து ஓய்ந்த ஒரு நாள், சாக்கடை எப்படிப் போகிறது என்று ஆபீசர் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். எங்கள் தெரு இந்த முறை பாடம் படித்திருந்தது. அடுத்தது தெருவிளக்கு வேண்டுமே, மோசமான தெருவுக்குத்தானே கிடைக்கும்! ஒருவரும் வாசல் கூட்டவில்லை. இருந்த குப்பை போதாதென்று பின்பக்கக் குப்பையையும் முன்னால் கொண்டுவந்து கொட்டினார்கள். பெரியவரே கிழிந்த பனியனோடு உட்கார்ந்திருந்தார். போன முறை விரட்டிய பன்றிகளைத் தேடிக்கொண்டு இரண்டு பேர் போயிருந்தார்கள்.

நான் மட்டும் வாசலைக் கழுவிப் பெரிய கோலமாகப் போட்டேன். பெரியவர் தலையில் அடித்துக்கொண்டார். “அன்னிக்கு வேணான்ன. இன்னிக்கு இன்னாத்துக்கும்மா?” என்றார். போட வேண்டும்போல் இருந்தது, போட்டேன்.

உள்ளே போனேன். இவர் நெய்துகொண்டிருந்தார். விரல் பிழைத்துவிட்டது. நகம்தான் இல்லை.

“கோலமெல்லாம் பலமா இருக்குதே, யாரு வர்றாங்க?” என்றார்.

“யாரும் வரல” என்றேன்.

சிரித்தார். குழியிலிருந்து ஒரு காலைத் தூக்கி விளிம்பில் வைத்துக் காட்டினார். வெளியே ஐப்பசி மழை மறுபடி பிடித்துக்கொண்டிருந்தது. அவர் பாதம் முழுக்க வெள்ளையாகப் புழுதி. அழுதுவிடுவேனோ என்ற பயத்தில் வாய்க்கு வந்ததைக் கத்தினேன்.

“கருமம், எவ்ளோ புழுதி! எழுந்து போயி மொதல்ல காலக் கழுவிகினு வாங்க!”