ஒரு மாதம் முழுக்க ‘கோ’

சுலோச்சனா மேடம் தவறிப்போன செய்தியை எனக்குச் சொன்னவர் வசந்தி. காலையில் பால் பாக்கெட்டின் மூலையைக் கத்தரித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. “சாருங்க, நம்ம மேடம் தவறிட்டாங்களாமுங்க. மவன் போன் பண்ணிச் சொன்னாருங்க. நாங்க எல்லாரும் வேலூருக்குக் கெளம்பறமுங்க. நீங்களும் வந்துருங்க” என்றார். சரி என்று சொல்லிவிட்டுப் பாலை அடுப்பில் வைத்தேன். உடனே அழுகை வரவில்லை. அலுப்புதான் வந்தது. இத்தனை வருடம் இரண்டு பேராக இழுத்த வண்டியை இனி ஒற்றை ஆளாக இழுக்க வேண்டுமே என்ற அலுப்பு. பால் பொங்கி வழிந்ததையும் பார்த்துக்கொண்டேதான் நின்றேன்.

இதைப் படிக்கிற உங்களில் பலர் எங்கள் மாடிப்படி ஏறியவர்கள். ஏறாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றின் மேல்மாடியில் நானும் சுலோச்சனா மேடமும் ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுத்தோம். இருவருமே கல்லூரியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவர்கள். அவருக்குப் பரமத்தி வேலூர். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பம். எனக்குக் கெங்கவல்லிப் பக்கம். வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ போடாத என் பேச்சு அவருக்குக் கடைசிவரை கொஞ்சம் முரட்டுத்தனமாகவே கேட்டது. எங்களிடம் வந்தவர்கள் யாரும் சிறு பிள்ளைகள் இல்லை. போர்வெல் போடும் ரிக் வண்டியோடு ஆப்பிரிக்கா வரை போகிறவர்கள், லாரி ஓட்டுகிறவர்கள், முட்டைக் கம்பெனியில் பேக்கிங் செய்கிற பெண்கள், அம்மாபேட்டையிலிருந்து இங்கே வந்து ஜவுளிக்கடை வைத்தவர்கள். கீழே தகரத்தைச் சம்மட்டியால் அடிக்கிற சத்தம் ஓயாது. அதற்கு மேலே குரல் எழுப்பித்தான் ஆங்கிலம் பேச வேண்டும். என் தொண்டை போனது அங்கேதான்.

தினமும் முப்பது வார்த்தை என்பது என் கணக்கு. கரும்பலகை நிறைய எழுதிப்போடுவேன், எழுதிக்கொள்வார்கள், மறுநாள் மறந்துவிட்டு வருவார்கள். நான் கத்துவேன். மேடம் தன் வகுப்புக்கு ஒரே ஒரு வார்த்தையை எடுத்தார். ‘கோ’. ஒரு மாதம் முழுக்க அதுதான். “ஒண்ணாங்கிளாஸ் பையனுக்குக்கூடத் தெரியும் மேடம், கோ என்றால் போ. அதற்கு ஒரு மாதமா?” என்று கேட்டேன். “தெரியுமுங்க சார். ஆனா அந்தப் பையன் அதை வெச்சு என்ன பண்ணுவான்னு கேட்டுப் பாருங்க” என்றார்.

அவருடைய முறை இதுதான். பாடப்புத்தகத்து வாக்கியம் எதையும் வகுப்புக்குள் விடமாட்டார். ஒவ்வொருவரும் அன்றன்று தன் வீட்டில், தன் வேலையில் நடந்ததிலிருந்து ‘கோ’ வருகிற ஒரு வாக்கியம் கொண்டுவர வேண்டும். ஜவுளிக்கடைக்காரர் ஒரு சேலையைத் தூக்கிக்கொண்டே வந்து, இந்த பார்டர் இந்தச் சேலையின் உடலுக்குப் பொருந்தும் என்பதற்கு “திஸ் பார்டர் கோஸ் வித் திஸ் சாரி” என்றார். ஒரு டிரைவர் தொப்பூர் இறக்கத்தில் பிரேக் போன கதையைச் சொல்லி, “பிரேக் கான் மேடமுங்க” என்று முடித்தார். பால் கெட்டுப்போனது, கரண்ட் போனது, பஞ்சாயத்துப் பேச்சு நல்லபடியாகப் போனது, மழை வரப்போவது எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்குள் வந்து உட்கார்ந்தன. “நம்ம ‘போ’வும் அவுங்க ‘கோ’வும் பங்காளிங்க சாமி. பாதி வழி ஒண்ணாத்தான் வருவாங்க. அதுக்கப்பறந்தான் தனித்தனி வரப்பு” என்பார். சாமி என்று அவர் கூப்பிட்டவர்களில் அவரைவிட வயதில் மூத்தவர்களும் உண்டு.

எனக்கும் அவருக்கும் தீராத வழக்கு ஒன்று இருந்தது. வகுப்பு முடிந்து கிளம்பும்போது ஒருவர் வாயிலும் “ஐ ஆம் கோயிங்” வராது. “ஐ கோ அண்ட் கம் சாருங்க” என்றுதான் சொல்வார்கள். நம் பக்கத்தில் வாசலைத் தாண்டும்போது போகிறேன் என்று யார் சொல்வார்கள்? போயிட்டு வாரேன் என்றால்தான் வீட்டிலிருப்பவர்களுக்கு மனசு ஆறும். ரிக்குக்குக் கிளம்புகிற ஆள் வெறுமனே போகிறேன் என்று சொல்லிவிட்டால் அம்மாக்காரி அன்றைக்குச் சோறு தின்னமாட்டாள். இதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்தும் திருத்துவேன். ஆங்கிலத்தில் அப்படிக் கிடையாது, வெள்ளைக்காரன் சிரிப்பான் என்பேன். மேடம் திருத்தமாட்டார். “தப்புதானுங்க. ஆனா அதை எடுத்துப்போட்டா அவுங்க ஊட்டை உட்டுக் கெளம்பவே மாட்டாங்க. சிரிக்கறவன் சிரிச்சுட்டுப் போறானுங்க” என்பார். அந்த வழக்கில் கடைசிவரை நான் விட்டுக்கொடுக்கவில்லை. அவரும்தான்.

ஆனால் அவர் மேல் எல்லோருக்கும் கோபம் வரவைத்த பழக்கம் வேறு. படிக்க வருகிறவர்கள் போனைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். கஸ்டமர் கேர், வெளிநாட்டு ஆபீஸ், எதுவாக இருந்தாலும் “நீங்களே ஒரு வார்த்தை பேசிருங்க” என்று நீட்டுவார்கள். நான் வாங்கிப் பேசி, ஒரு நிமிடத்தில் முடித்துக் கொடுத்துவிடுவேன். எனக்கு அது பெருமை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவர் போனைத் தொடமாட்டார். ஒரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, “பேசுங்க சாமி, நான் இங்கயேதான் இருக்கறேன்” என்று உட்கார்ந்துவிடுவார். அவர்கள் தடுமாறுவார்கள், வியர்ப்பார்கள். சிலர் முறைத்துக்கொண்டு அவர் வகுப்பை விட்டு என் வகுப்புக்கு வந்ததுண்டு.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று ஒருமுறை கேட்டேன். அவர் பள்ளிக்கூடம் போன வயதில் அப்பாவுக்கு முடியாமல் கோயமுத்தூரில் வைத்திருந்தபோது, டாக்டர் ஆங்கிலத்தில் சொன்னதையெல்லாம் படித்த சொந்தக்காரர் ஒருவர் கேட்டு வந்து இவர்களுக்குச் சொன்னாராம். கவலைப்பட ஒன்றுமில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தாராம். அவரை நம்பி அம்மாவைக் கொடிக்காலுக்கு அனுப்பியிருந்தார்கள். அம்மா திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. “அவரு கெட்டவரு இல்லைங்க சார். எங்க மனசு நோவக்கூடாதுன்னுதான் மறைச்சாரு. ஆனா நடுவுல ஒருத்தர் நின்னா, நம்ம கஷ்டங்கூட அவுங்க அளந்து ஊத்தற அளவுதான் நமக்கு வருமுங்க” என்றார். ஒரு தகப்பனின் சாவுக்கும் கஸ்டமர் கேருக்கும் என்ன சம்பந்தம் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

சம்பந்தத்தை வசந்தியின் போன் காட்டியது. வசந்தி முட்டைக் கம்பெனியில் வேலை பார்க்கிறவர். கணவர் குமரேசன் ரிக்கில் டிரில்லராகத் தான்சானியாவில் இருந்தார். ஒருநாள் மேடத்தின் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே வசந்திக்கு ஒரு மெசேஜ் வந்தது. குமரேசன் அண்ணனுக்கு அடிபட்டுவிட்டது, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்று கூட வேலை செய்கிற பையன் போட்டிருந்தான். கீழே ஆஸ்பத்திரி நம்பர். பையனைத் திரும்பக் கூப்பிட்டால் போன் அணைந்திருந்தது. அடி எங்கே, எவ்வளவு, ஆள் இருக்கிறாரா, ஒன்றும் தெரியவில்லை. வசந்தி நேராக என்னிடம் ஓடிவந்து போனை நீட்டினார். “சாருங்க, நீங்க பேசுங்க சாருங்க. என்னால முடியாதுங்க.”

நான் கையை நீட்டிவிட்டேன். “வசந்தி பேசட்டுமுங்க” என்று மேடத்தின் குரல் வந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. “உயிர் போற விஷயத்துல பாடம் நடத்தாதீங்க மேடம்!” என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். அவர் குரலை உயர்த்தவில்லை. “பாடமில்லைங்க சார். அவுங்க ஊட்டுக்காரரு. அவுங்கதான் கேக்கோணும்” என்றார். வசந்தியை உட்கார வைத்து, நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, போனை ஸ்பீக்கரில் மேசைமேல் வைத்தார். கந்தசாமி என்ற லாரி டிரைவர் கீழே இறங்கிப்போய்ப் பட்டறைக்காரர்களிடம் என்னவோ சொன்னார். சம்மட்டிச் சத்தம் நின்றது. வேலை நேரத்தில் அந்தப் பட்டறை அமைதியாக இருந்து நான் அதுவரை கேட்டதில்லை.

ஒரு நர்ஸ் எடுத்தார். யார் பேசுவது என்று கேட்டார். “குமரேசன் வைஃப். இந்தியா. ஐ வைஃப்” என்றார் வசந்தி. ஆபரேஷன் இஸ் கோயிங் ஆன் என்று பதில் வந்தது. வசந்தி எங்கள் பக்கம் திரும்பி, “நடந்துட்டு இருக்குதுங்களாமா” என்றார். முந்தின வாரம்தான் வகுப்பில், வீட்டில் சீரியல் ஓடிக்கொண்டிருப்பதை அதே வார்த்தையில் சொல்லியிருந்தார். பிறகு போன்மேல் குனிந்து கேட்டார்: “சிஸ்டர், லெக் கோ? ஹேண்ட் கோ?”

நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம் நர்ஸ் தன் வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு வார்த்தையாக, பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். “மை மேடம் சிட்டிங்” என்றார் வசந்தி. அதற்குப் பிறகுதான் சொன்னார். இடது கை. இரண்டு விரல்கள் போய்விட்டன. உயிருக்கு ஆபத்தில்லை. காலையில் மயக்கத்திலும் உன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். வசந்தி ஒவ்வொன்றையும் திரும்பச் சொல்லிச் சொல்லி உறுதிசெய்துகொண்டார். “டூ ஃபிங்கர்ஸ் கான். ஹி நாட் கான்.” “யெஸ், ஹி இஸ் ஹியர்” என்றார் நர்ஸ். வசந்தி ஒரு கையால் மேடத்தின் முழங்காலை இறுக்கிப் பிடித்திருந்தார். மேடம் ஒரு வார்த்தை பேசவில்லை. “ஓகே சிஸ்டர். ஐ கோ அண்ட் கம்” என்றார் வசந்தி. “யெஸ், கம்” என்றார் அந்த அம்மாள். சிரிக்கவில்லை.

நான் பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அழகான ஆங்கிலத்தில் நிலைமை எப்படி என்று கேட்டிருப்பேன். அழகான ஆங்கிலத்தில் ஏதோ பதில் வந்திருக்கும். வசந்தியிடம் திரும்பி, ஒண்ணுமில்லம்மா, சின்ன அடிதான், பயப்படாத என்று சொல்லியிருப்பேன். விரலைப் பற்றி வாயே திறந்திருக்கமாட்டேன். அந்த நர்ஸும் மயக்கத்தில் முனகின பெயரைப் பற்றி எனக்குச் சொல்லியிருக்கமாட்டார். அது மனைவிக்குச் சொல்கிற சேதி.

மேடத்துக்குச் சர்க்கரை முற்றிக் கிட்னியில் போய் நின்றபோது, பெங்களூரிலிருந்து மகன் வந்து சேலத்தில் காட்டினார். அம்மா நன்றாகத் தேறி வருகிறார் என்று எங்களிடம் சொன்னார். நல்ல பிள்ளை. நான் பார்க்கப் போனபோது மேடம், “பையனை வெளிய காத்தாட நில்லு சாமின்னு அனுப்பிச்சுட்டு டாக்டர்கிட்ட நானே கேட்டுட்டனுங்க சார். ரொம்ப நாளில்லைங்கறாரு. சொல்றதுக்கு அவருக்குத்தான் பாவம் சங்கடமாப் போச்சுங்க” என்றார். நான் ஏதேதோ ஆறுதல் சொல்லப் பார்த்தேன். “உடுங்க சார், வகுப்புல எத்தனை பேர் வாராங்க?” என்று பேச்சை மாற்றிவிட்டார்.

வேலூரில் அடக்கத்துக்கு நல்ல வெயில். குமரேசன்தான் பாடைக்குப் பச்சை மட்டையைக் கட்டிக்கொண்டிருந்தார். மூன்று விரல் கைதான், ஆனாலும் முடிச்சு இறுகியிருந்தது. வசந்தி வாய்விட்டு அழுதார். நான் பந்தல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். அங்கேயும் எனக்கு அழுகை வரவில்லை.

போன வாரம் கந்தசாமி போனைத் தூக்கிக்கொண்டு வந்தார். மகள் அயர்லாந்தில் நர்சிங் படிக்கிறாள். இரண்டு நாளாகப் போனை எடுக்கவில்லையாம். ஹாஸ்டல் நம்பரைக் காட்டி, “நீங்களே பேசிருங்க சார்.” என்றார். ஒரு நிமிட வேலை. எனக்கு அன்றைக்குத் தலைவலி வேறு. போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டு அவர் முன்னால் வைத்துவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நன்றியெல்லாம் இல்லை. “மை டாட்டர்...” என்று தொடங்கி நின்றுவிட்டார். முழு வாக்கியமும் என் நாக்கு நுனியில் இருந்தது. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். கீழே சம்மட்டி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் அவர் கேட்டார், அவராகவே. மகளைக் கூப்பிட ஆள் போனது. சற்று நேரத்தில் “அப்பா” என்று குரல் வந்தது. கந்தசாமி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கும் அப்போதுதான் கண் நிறைந்தது.

சுலோச்சனா மேடத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இது ஒன்றுதான்: பேசத் தெரிந்தவன் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. ஒருமுறை செய்ததற்கே எனக்கு உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி இருந்தது. அந்த அம்மா இதைத் தினமும் செய்துவிட்டு, மாலை பஸ்ஸில் நின்றுகொண்டே வீட்டுக்குப் போயிருக்கிறார்.