கேன் தண்ணீரும் போர் தண்ணீரும்

ஞாயிறு காலை 7.10. ஓசூரில் பாகலூர் வழியாகப் பேரிகை போகும் பேருந்தில் ஏறினோம். இருபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். ரோஜாத் தோட்டம் காட்டுகிறேன் என்று என்னை இழுத்து வந்தவள் கல்லூரித் தோழி மாலதி. நிலத்தடி நீரை ஆராய்பவள்.

"போன மாசம் ஒரு வீட்ல குடுத்த தண்ணி சரியில்லடி" என்றாள்.

"கெட்டுப்போச்சா?"

"ரொம்ப நல்லாருக்கு. அதான் சரியில்ல."

8.25. பேரிகையிலிருந்து ஆட்டோ, தலைக்கு இருபது ரூபாய். ஓட்டுநர் மாலதியின் பையில் இருந்த காலி பாட்டில்களைப் பார்த்துவிட்டார். "தண்ணி டெஸ்ட்டுங்களா? எடுக்க வர்றாங்க. ரிசல்ட் சொல்ல ஒருத்தரும் திரும்பி வர்லீங்க." மாலதி தக்காளித் தோட்டங்களைப் பார்த்தபடி இருந்தாள். எனக்குத்தான் சுருக்கென்றது.

8.50. சரோஜம்மாவின் வீடு. பிரசவத்துக்கு வந்த மகளும் இருபது நாள் பெண் குழந்தையும் உள்ளே இருந்தார்கள். தாய்ப்பால் போதாமல், காய்ச்சிய போர் தண்ணீரில் பால் பவுடர் கலந்து கொடுப்பதாக மகள் சொன்னாள். மாலதியின் முகம் மாறியது.

"அம்மா, போன மாசம் நீங்க குடுத்தது போர் தண்ணி இல்ல. இந்தப் பாறை பூமியில உப்பே இல்லாம தண்ணி வராது. கேன் தண்ணிதானே?"

சரோஜம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "தப்பா நெனச்சுக்காதீங்க மேடம். முன்னாடி ரெண்டு தடவ பாட்டில் புடிச்சிட்டுப் போனாங்க. ஒரு சேதியும் இல்ல. நெசமாவே பாக்கறீங்களான்னு தெரிஞ்சுக்கத்தான் கேன் தண்ணிய ஊத்திக் குடுத்தேன்."

மாலதி கோபப்படுவாள் என்று நினைத்தேன். "நானா இருந்தாலும் அப்படித்தான் செஞ்சிருப்பேன்" என்று சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போனாள். போர் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து, அதில் சோதனைத் தாளை நனைத்தாள். ஒரு நிமிடத்தில் தாள் நன்றாகச் சிவந்தது.

"நைட்ரேட் அதிகமா காட்டுது. வயலுக்குப் போடற உரத்துலேர்ந்து வந்திருக்கலாம். காய்ச்சினாலும் போகாது, கைக்குழந்தைக்கு ஆகாது. இது தாளுதான், தப்பாவும் இருக்கலாம். லேப்ல பாத்துட்டு வியாழக்கிழமை நானே வர்றேன். அதுவரைக்கும் கேன் தண்ணியக் காய்ச்சிக் குடுங்க. அத டெஸ்ட் பண்ணியாச்சு, நல்ல தண்ணி."

சரோஜம்மா உள்ளே போய் பிளாஸ்கை எடுத்து வந்து, அதிலிருந்த காய்ச்சிய போர் தண்ணீரை முருங்கை மரத்தடியில் கொட்டினார். அப்புறம்தான் குரல் உடைந்தது. "பாப்பாவுக்கு ஒண்ணும் ஆயிருக்காதே மேடம்?"

மாலதி குழந்தையின் உதட்டையும் விரல்களையும் பார்த்தாள். "நைட்ரேட் ஏறினா நீலம் பூக்கும். அப்படி எதுவும் இல்ல. இருந்தாலும் இன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டிடலாம்."

தாயும் பிள்ளையும் எங்களோடு ஆட்டோவில் பேரிகை வந்தார்கள். மருத்துவர் பார்த்து, குழந்தை நன்றாக இருக்கிறது என்று சொன்ன பிறகே நாங்கள் நகர்ந்தோம்.

11.15. திரும்பும் பேருந்தில் மாலதி போர் தண்ணீர் பாட்டிலை மடியிலேயே வைத்திருந்தாள். "நான் சொன்னதும் கொட்டிட்டாங்கடி" என்றபோது கண் கலங்கியிருந்தது. சேலத்தில் என் வீட்டுக் குழாயில் வருவதை யார் சோதித்தார்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

ஓசூரில் இறங்கியதும் தன் வீட்டுச் சாவியை என் கையில் கொடுத்து, சாப்பிட்டுத் தூங்கு என்றாள். அவள் ஆய்வகத்துக்குப் போகிறாளாம். காவலாளியிடம் கதவைத் திறக்கச் சொல்லியாகிவிட்டது.

"வியாழக்கிழமைன்னுதானே சொன்ன?"

"அவங்களுக்கு வியாழக்கிழமை. எனக்கு அதுவரைக்கும் தாங்காது."