அந்த வாரத்துப் பங்கு

"அவங்க வேதத்த அவங்களுக்கே படிச்சுக் குடுக்குற. அதுல நமக்கு என்னடி இருக்கு?" என்று அம்மா ஒருமுறை கேட்டாள். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அம்மாவுக்கு விளக்கிப் பயனில்லை என்று நினைத்தேன்.

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு யூத ஆன்ட்டி வீட்டுக்கு வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் வீட்டில் வெளுத்து இஸ்திரி போட்ட வெள்ளை மேசைவிரிப்பைக் கொடுத்து வருவேன். பத்து ஆண்கள் கூடினால்தான் அவர்கள் ஜெப ஆலயத்தில் வேதம் எழுதிய தோல் சுருளை எடுத்து வாசிக்கலாம். அத்தனை பேர் ஊரில் இல்லை. ஆன்ட்டிக்கோ பார்வை மங்கிவிட்டது. வேதத்தை வாரத்துக்கு ஒரு பங்காக ஒரு வருடத்தில் படித்து முடிப்பார்கள். அதனால் சனிக்கிழமை மாலைகளில் அந்த வாரத்துக்குரிய பகுதியை மலையாளத்தில் நான் படிப்பேன்.

வேலைத் தேர்வில் தோற்ற வாரம், வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட ஆகார் என்ற அடிமைப் பெண் பாலைவனத்தில் தண்ணீர் தீர்ந்து பிள்ளையை விட்டுத் தள்ளி உட்கார்ந்து அழும் பகுதி வந்தது. புதிதாகக் கிணறு தோன்றியதாக அதில் இல்லை. அவள் கண் திறந்தது, கிணறு தெரிந்தது, அவ்வளவுதான். அந்த வரியை இன்னொரு முறை படித்தேன். அதன்பிறகு ஒவ்வொரு வாரமும் எனக்கான ஏதோ ஒன்று அதில் இருக்கும் என்று எதிர்பார்க்கத் தொடங்கினேன்.

பிறகு காக்கநாட்டில் வேலை கிடைத்தது. ஒரு சனி விட்டு ஒரு சனி டியூட்டி. முதன்முதலாக வராமல் போன வாரத்துக்கு அடுத்த சனிக்கிழமை, "ரெண்டு வாரத்தையும் சேத்துப் படிச்சிடறேன் ஆன்ட்டி" என்றேன்.

"வேண்டா மோளே. போன வாரத்தது போயி. இனி அடுத்த கொல்லம், அது திரும்ப வர்றப்போ பாக்கலாம்."

"யாருக்குத் தெரியப் போவுது?"

"உலகத்துல எங்க ஆளுங்க எல்லாரும் இன்னைக்கு இதத்தான் படிக்கிறாங்க. நம்ம மட்டும் பின்னால நிக்கவா?"

பிடிவாதம் என்று நினைத்தேன். நான் தவறவிட்டது வானத்திலிருந்து மன்னா என்ற உணவு பொழியும் பகுதி. பின்னொரு நாள் பஸ்ஸில் அதைத் தனியாகப் படித்தபோதுதான், மறுநாளைக்கு என்று எடுத்து வைத்த மன்னா புழுத்துப்போனதை அறிந்தேன். சொல்லிச் சிரிக்க அவர் இல்லை. ஓணம் கழிந்த வாரம் மகள் வந்து இஸ்ரேலுக்கு அழைத்துப் போய்விட்டாள். வாசிப்பு வருடம் முடிய இன்னும் சில பகுதிகளே இருந்தன. போய்ச் சேரவேண்டிய தேசத்தை மலைமேலிருந்து பார்த்துவிட்டு, உள்ளே போகாமல் மோசே இறக்கும் கடைசிப் பகுதியை நாங்கள் சேர்ந்து படிக்கவே இல்லை. அடுத்த கொல்லம், அடுத்த வருடம், என்று அவர் சொன்னதை நானும் நம்பியிருந்தேன்.

கடைசிப் பகுதியை முடித்த அன்றே முதல் வரியைத் தொடங்கிவிட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். நான் ஞாயிறு டியூட்டியை ஏற்றுக்கொண்டு வாரவிடுமுறையைச் சனிக்கு மாற்றிக்கொண்டேன். அந்த வேதத்தின் தமிழ்ப் புத்தகம் ஒன்று வாங்கினேன். துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா அருகில் உட்கார்ந்து, உலகம் படைக்கப்படும் முதல் பகுதியைச் சத்தமாகப் படித்தேன்.

"இவ்ளோ படிச்சிட்டு இப்டித் திக்குறியே?"

"நீ சேத்துவிட்டது மலையாளம் ஸ்கூல்தானே?"

"சரி, படி." சற்று நேரம் கேட்டுவிட்டு, "சூரியன் நாலாம் நாள்தான் வந்துச்சா? அதுவரைக்கும் துணி எப்டிக் காயும்?" என்றாள்.

சிரித்துவிட்டுத் தொடர்ந்தேன். ஆன்ட்டிக்கும் இஸ்ரேலில் யாரோ அன்று இதையேதான் படித்துக்கொண்டிருப்பார்கள். அந்த வாரத்துப் பங்கு முடிந்ததும், மேலே படிக்கச் சொல்லி அம்மா கேட்டாள். உலகை மூழ்கடிக்கும் வெள்ளம் அடுத்த சனிக்கிழமைப் பங்கில்தான் வரும் என்று சொல்லிப் புத்தகத்தை மூடினேன்.