மலாகாய் பள்ளியின் சமையற்கட்டு

பாசிலிசா எங்கே என்று மலாகாயில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "எங்க இருப்பா, பள்ளிக்கூடத்துலதான். போய்ப் பாருங்க." அவள் ஆசிரியை அல்ல. ஆறாம் வகுப்போடு நின்றவள், ஊரார் துணி துவைத்துப் பிழைக்கிறவள். கணவன் ஆபெல் அக்டோபரில் கரும்பு வெட்ட நீக்ரோஸ் தீவுக்குப் படகேறினால் மே மாதம்தான் கறுத்துப்போய்த் திரும்புவான். இடைப்பட்ட மாதங்களில் அவளுக்கும் மகள் குயினிக்கும் துணி துவைக்கிற கல்லும் பள்ளிக்கூடமும்தான் உலகம்.

பள்ளி திறக்கிறதுக்கு முந்தின வாரம் பிரிகாடா. பெற்றோர், மீனவர், மூன்று சக்கர வண்டிக்காரர்கள் எல்லாரும் துடைப்பமும் அரிவாளும் பெயின்டுமாக வந்து பள்ளியைச் சுத்தம் செய்து கொடுக்க வேண்டும். ஊர் வழக்கம். வருவார்கள், வராமல் என்ன. வந்து கையெழுத்துப் போட்டு, துடைப்பத்தைப் பிடித்தபடி ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, கொடுக்கிற சோற்றைத் தின்றுவிட்டு மத்தியானமே மாயமாகிவிடுகிறவர்களைப் பற்றிப் பேசினால் நம் வாய்தான் கெடும். கடைசி நாள் சாயங்காலம் வரை கழிப்பறையைத் தேய்த்துக்கொண்டிருப்பது பாசிலிசா ஒருத்திதான். குயினி பிறப்பதற்கு முன்பே, அவள் தம்பி அங்கே படித்த காலத்திலிருந்தே, அப்படித்தான்.

பெஞ்சு கொடுத்தவர் பெஞ்சில் பெயர் எழுதினார். குழாய் போட்டவர் குழாயின் மேல் எழுதினார். கூரைத் தகடு கொடுத்தவர் வானத்தில் போகிறவனும் படிக்கட்டும் என்று கூரையிலேயே எழுதிவிட்டார். பாசிலிசாவின் பெயர் அந்தப் பள்ளியில் எங்கேயும் கிடையாது. அதைப் பற்றி அவளும் கவலைப்பட்டதில்லை. "கக்கூஸ் கதவுல வேணா எழுதச் சொல்லு, பொருத்தமா இருக்கும்" என்று பக்கத்து வீட்டு நெனிதா கிண்டலடிப்பாள். பாசிலிசாவும் கூடவே சிரிப்பாள்.

அவள் கவலையெல்லாம் கஞ்சி பற்றியது.

ஆண்டு தொடக்கத்தில் பிள்ளைகளை எடை பார்த்து, மிக மெலிந்தவர்களின் பெயரைச் சிவப்பு மையில் எழுதுவார்கள். சிவப்புப் பட்டியலில் பெயர் இருந்தால் பள்ளி நாட்களில் மத்தியானம் ஒரு கிண்ணம் சோறோ கஞ்சியோ கிடைக்கும். அரசாங்கம் அரிசியும் பாசிப்பயறும் அனுப்பும். முருங்கைக்கீரை பள்ளித் தோட்டத்தில், பாசிலிசா நட்டது. சமைப்பதும் அவள்தான், கூலி இல்லாமல். அந்த வருஷம் பட்டியலில் பதினொரு பேர். அதில் ஒன்று குயினி. ஏழு வயதில் பதினைந்து கிலோ. ராணி என்று பெயர் வைத்தால் போதுமா, ராணி மாதிரி தின்ன வேண்டாமா?

சமையற்கட்டு என்று ஒன்று கிடையாது. மாமரத்தடியில் மூன்று கல், ஒரு பெரிய அலுமினியப் பானை. மழை வந்தால் அடுப்பு அணைந்துவிடும். வேகாத பயறைத் தின்றுவிட்டுப் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஒருநாள் காற்றடித்த அடியில் பானையே சரிந்து, கஞ்சி முழுக்க மண்ணோடு போனது. அன்றைக்குப் பதினொரு பேரும் வெறும் கிண்ணத்தோடு நின்றதைப் பார்த்து, பாசிலிசா தலையில் கைவைத்துக்கொண்டு அழுதேவிட்டாள். அந்த வருஷம் தலைமையாசிரியை எஸ்கார்தின் மேம் ஒரு செய்தி கொண்டுவந்தார். மாவட்டத்தில் சிறந்த பள்ளியாகத் தேர்வானால் பரிசு பணமில்லை, கோப்பையோடு நிற்பதுமில்லை. சிமெண்டுத் தரையும் தகரக் கூரையும் கேஸ் அடுப்புமாக ஒரு சமையற்கட்டே கட்டித் தருவார்கள்.

"நிஜமாவா மேம்? கூரையோடயா?"

"கூரையோடதான் இசா. ஆனா ஒண்ணு, சிவப்புப் பட்டியல்ல ஒரு பேர் கூட இருக்கக் கூடாது. நடுவருங்க முதல்ல அதைத்தான் பாப்பாங்க."

அதற்குப் பிறகு பாசிலிசா காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ஓடினாள். விடியும் முன்னால் மீன் படகுகள் ஒதுங்குகிற இடத்துக்குப் போய், விற்காத பொடிமீன் கேட்டு வாங்கிக் கஞ்சியில் போட்டாள். பிள்ளைகள் வழித்து வழித்துத் தின்றன. ஆனால் எடை ஏறவில்லை. எப்படி ஏறும்? பள்ளியில் ஒரு வேளை கிடைக்கிறது என்று தெரிந்ததும் வீட்டில் அந்த ஒரு வேளையைக் குறைத்துவிட்டார்கள். யாரையும் குற்றம் சொல்ல முடியாது. பாசிலிசாவின் வீட்டிலும் அதுதான் நடந்தது.

பிப்ரவரியில் கடைசி எடை. தராசுக்குப் பக்கத்தில் பாசிலிசாதான் பிள்ளைகளை ஏற்றி இறக்கினாள். குயினி பதினைந்தரை. மற்ற பத்துப் பேரும் அரை கிலோ, முக்கால் கிலோ என்று ஒப்புக்கு ஏறியிருந்தார்கள். எஸ்கார்தின் மேம் பேனாவை மேசைமேல் போட்டார்.

"போச்சு இசா. சமையற்கட்டும் போச்சு, எல்லாம் போச்சு. அடுத்த வருஷமும் மாமரத்தடிதான்."

அவர் முகத்தையும் வெளியே மாமரத்தையும் பாசிலிசா மாறி மாறிப் பார்த்தாள். கடைசியாக எடை பார்த்த பையன் முதுகுப்பையை மாட்டிக்கொண்டு விளையாட்டாக மறுபடி தராசில் ஏறினான். முள் விருட்டென்று தாண்டிப் போனது. அவள் வாயிலிருந்து அது தானாக வந்துவிட்டது.

"மேம்... எல்லாரையும் பையோட நிறுத்தினா என்ன?"

எஸ்கார்தின் மேம் பேனாவைத் திரும்ப எடுத்தார். பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். பதினொரு பேரும் பையை மாட்டிக்கொண்டு மறுபடி வரிசையில் நின்றார்கள். புத்தகம் போதாத பைகளில் பாசிலிசாவே இன்னும் நாலு புத்தகத்தைத் திணித்தாள். குயினிக்கு இருபது வந்தது. எடை அட்டையில் சிவப்புக்குப் பதில் நீல மையில் எழுதினார்கள். மகள் எடை கூடிவிட்டதைப் போலவே அன்று பாசிலிசா வாயெல்லாம் பல்லாக வீட்டுக்குப் போனாள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறோம் என்று யாருக்கு அந்த நேரத்தில் தெரிகிறது?

நடுவர்கள் வருகிற நாளுக்குப் பள்ளியே தலைகீழாகப் புரண்டது. வீட்டுக்கு வீடு பூந்தொட்டி இரவல் வாங்கி வந்தார்கள். எது யாருடையது என்று குழம்பாமல் இருக்கத் தொட்டியின் அடியில் பெயர் எழுதினார்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வரவேற்பு நடனம். அதில் குயினி முன்வரிசை. உடம்பில் சதை இல்லாவிட்டாலும் காலில் தாளம் இருந்தது அவளுக்கு. துவைக்கக் கொடுத்த வீட்டில் கேட்டு வாங்கின பழைய திரைச்சீலையைக் கிழித்துப் பாவாடை தைத்தாள் பாசிலிசா. மூன்று வாரமாக அந்தப் பெண் அடுப்புக்கும் வாசலுக்கும் நடுவில் ஆடிக்கொண்டே இருந்தாள். "அப்பா வந்ததும் ஆடிக் காட்டுவேன், ஆனா முதல்ல நடுவருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

நடுவர்கள் வருவதற்கு முதல் நாள் சாயங்காலம் மேம் பாசிலிசாவைத் தனியே கூப்பிட்டார்.

"இசா, தப்பா எடுத்துக்காத. அட்டையில இருபதுன்னு எழுதியிருக்கு. அவங்க கண்ணு முன்னால இந்தப் பிள்ளைங்க வந்து நின்னா? எலும்பு தெரியுதே. குருடனுக்குக் கூடத் தெரியும்."

"அதுக்கு?"

"பதினொரு பேரையும் நாளைக்கு எங்கயாவது கூட்டிட்டுப் போயிடு. கடற்கரைக்குப் போ. உல்லாசப் பயணம்னு சொல்லு. நீ சொன்னாத்தான் கேப்பாங்க."

"பதினோரு பேரும்னா... மேம், குயினி ஆடறாளே. முன்வரிசை."

"அதனாலதான் சொல்றேன்."

முடியாது என்று சொல்லப் பாசிலிசா வாயைத் திறந்தாள். கண்ணில் பட்டது மாமரத்தடியில் நனைந்து கிடந்த மூன்று கல். "சரி மேம்" என்றாள்.

மறுநாள் காலையில் கடற்கரை மணலில் பதினொரு பிள்ளைகள். பானை நிறையக் கஞ்சி, அன்றைக்குக் கோழிகூடப் போட்டிருந்தாள். மேம் வாங்கிக் கொடுத்த கோழி. குயினி பாவாடையைக் கழற்ற மாட்டேன் என்று அதோடுதான் வந்திருந்தாள். பள்ளிப் பக்கமிருந்து மத்தளச் சத்தம் காற்றில் வந்தது. அவள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"அம்மா, ஆரம்பிச்சிட்டாங்க. நான் போகணும்."

"இன்னிக்கு நமக்கு உல்லாசப் பயணம்டி கண்ணு. இங்க ஆடேன், நாங்க பாக்கறோம்."

"எனக்குப் பதிலா யாரு முன்னால?"

பக்கத்தில் கோழி எலும்பைக் கடித்துக்கொண்டிருந்த பொடியன் சொன்னான்: "நாமெல்லாம் நோஞ்சானுங்க, குயினி. நம்மளப் பாத்தா பரிசு குடுக்க மாட்டாங்களாம். எங்கம்மா சொன்னாங்க." எந்த வருத்தமும் இல்லாமல், மழை வரும்போலிருக்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னான். குயினி அம்மாவைப் பார்த்தாள். பாசிலிசா கரண்டியை எடுத்துக்கொண்டு இன்னும் யாருக்குக் கஞ்சி வேண்டும் என்று கேட்டாள். மத்தளம் நிற்கும்வரை அந்தப் பெண் கிண்ணத்தைத் தொடவே இல்லை.

மலாகாய்க்குத்தான் பரிசு. ஊரே பட்டாசு வெடித்தது. ஏப்ரலிலும் மேயிலும் கட்டி முடித்தார்கள். மஞ்சள் சுவர், பச்சைத் தகரக் கூரை, இரட்டை கேஸ் அடுப்பு. திறப்பு விழாவுக்கு வந்த விருந்தாளிகளுக்கு நூடுல்ஸும் பொரித்த மீனும் செய்து கொடுத்தது பாசிலிசாதான். சுவரில் மேயர், துணை மேயர், ஊர்த்தலைவர், மேம் எல்லார் பெயரும் பெரிதாக இருந்தது. நெனிதா அண்ணாந்து படித்துவிட்டு, "உன் பேரை அடுப்புக்குள்ள எழுதியிருக்காங்களான்னு பாரு" என்றாள். பாசிலிசா இந்தத் தடவை சிரிக்கவில்லை. ஆனாலும் அடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். இனிமேல் மழை பெய்தால் என்ன?

பள்ளி திறந்த முதல் திங்கட்கிழமை முருங்கைக்கீரையை உருவி, பானையைத் தேய்த்து எடுத்துக்கொண்டு, குயினியையும் கூட்டிக்கொண்டு அவள் வந்தாள். சமையற்கட்டில் பூட்டுத் தொங்கியது. சாவி வாங்க அலுவலக அறைக்குப் போனாள்.

"உக்காரு இசா" என்றார் எஸ்கார்தின் மேம். உட்காரச் சொன்ன விதத்திலேயே ஏதோ சரியில்லை. "இந்த வருஷம் நமக்கு அரிசி வராது. மெலிஞ்ச பிள்ளைங்க இருக்கிற பள்ளிக்கூடத்துக்குத்தான் அனுப்புவாங்களாம். பிப்ரவரிக் கணக்குல நமக்கு ஒருத்தரும் இல்லையே."

பாசிலிசாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கீரைக் கட்டை மேசைமேல் வைத்தாள்.

"அப்ப அந்த அடுப்பு யாருக்கு மேம்?"

"கூட்டம் கீட்டம் வந்தா டீ போடலாம்..."

"டீயா!" பாசிலிசா எழுந்துவிட்டாள். "பதினோரு பிள்ளைங்களைக் கொண்டுபோய்க் கடற்கரையில ஒளிச்சு வெச்சேனே, நீங்க டீ குடிக்கவா? எம்பொண்ணு அன்னிக்கு என்னைப் பாத்த பார்வை இன்னும் என்னைத் தூங்க விடல, தெரியுமா உங்களுக்கு? மறுபடி எடை பாருங்க. இப்பவே பாருங்க. சிவப்புல எழுதுங்க."

"எப்படி எழுதறது? எழுதினா போன வருஷம் எழுதினதெல்லாம் பொய்யின்னு ஆயிடும். என் வேலை போகும், பரவாயில்ல. விசாரணைன்னு வந்தா யாரு சொல்லிப் பையோட நிறுத்தினோம்னு கேப்பாங்க. நான் என்ன சொல்லட்டும், நீயே சொல்லு."

மேம் அதட்டவில்லை. அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. அதுதான் இன்னும் கசந்தது. அடித்துப் பேசுகிறவராக இருந்தால் திட்டிவிட்டாவது போயிருக்கலாம்.

"கேட்டா என் பேரைச் சொல்லுங்க" என்றாள் பாசிலிசா. "இந்தப் பள்ளிக்கூடத்துல என் பேரு ஒரு எடத்துலயாவது இருந்துட்டுப் போகட்டும்."

அறை மூலையில் அதே தராசு இருந்தது. அவள் அதைக் காலால் நடுவில் இழுத்துப்போட்டாள். "குயினி! வாடி இங்க. ஏறு."

வாசலில் நின்றிருந்த குயினி உள்ளே வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டாள். தராசைப் பார்த்தாள், மேமைப் பார்த்தாள். பிறகு ஏறாமல் திரும்பிப்போய், வாசலில் வைத்திருந்த முதுகுப்பையை எடுத்து வந்து, தோளில் ஒரு பக்கப் பட்டையை மாட்டிக்கொண்டே கேட்டாள்.

"அம்மா, இன்னும் நாலு புஸ்தகம் வைக்கணுமா?"