மூன்றாவது கேட்

அர்லிஸ் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பனி விழுந்து பாதை அடைபடுவதற்குள் மலைமேல் இருக்கும் மேல்மேய்ச்சல் நிலத்துக்கு ஒரு தடவை போய்வர வேண்டும். பாறைக்கு அடியிலிருந்து ஊற்று வழியும் இடத்தில் கொஞ்ச நேரம் இருக்க வேண்டும். அடுத்த கோடையில் போகலாம் என்று கணவர் வெர்ன் சொல்லிப் பார்த்தார். இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப் போன அவள் உடம்பில் இப்போது சிறுநீரகமும் கெட ஆரம்பித்திருந்தது. அடுத்த கோடையைப் பற்றி மருத்துவரே பேசுவதை நிறுத்திவிட்டார்.

"அடுத்த கோடையில நீ தனியாத்தான் போகணும்," என்றாள். அவள் குரலில் குறை சொல்லும் தொனி எதுவும் இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

வெர்ன் ஓஸ்ட்பி மொன்டானாவின் அந்த மலையடிவாரத்திலேயே பிறந்து, மாடு வளர்த்து, வேலி கட்டி, அறுபத்தெட்டு வயதானவர். முழங்கால்கள் தேய்ந்து குதிரை ஏற முடியாமல் போனபோது, இருவர் அருகருகே உட்காரும் பண்ணை வண்டி ஒன்றை வாங்கினார். தடித்த டயர்கள், தலைக்கு மேலே இரும்புக் கம்பிக் கூண்டு, பின்னால் சாமான் வைக்க ஒரு பெட்டி. பயம் வந்தால் குதிரை தானே நின்றுவிடும். இது நிற்காது என்பது முதல் வாரத்திலேயே அவருக்கு விளங்கிவிட்டது. அதனால் வண்டிக்கும் சேர்த்துத் தானே பயப்படக் கற்றுக்கொண்டார். சரிவில் நேராக ஏறுவார், நேராக இறங்குவார். ஈரப் புல்லை நம்ப மாட்டார். சாயும்போது காலை வெளியே ஊன்றக் கூடாது, சாயும் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும் என்பதெல்லாம் யோசிக்காமலே கைக்கு வரும்.

ஆனால் மனிதனுடைய கவனம் ஓர் இடத்தில் குவிந்தால் இன்னோர் இடத்தில் ஓட்டை விழுகிறது. அந்த ஊர் வழக்கப்படி, ஓட்டுகிறவருக்கு அருகில் உட்கார்ந்திருப்பவர்தான் இறங்கிக் கேட் திறக்க வேண்டும். வீட்டிலிருந்து மேல்மேய்ச்சல் வரை ஆறு கேட். ஒவ்வொன்றிலும் அர்லிஸ் இறங்குவாள், திறப்பாள், வண்டி கடந்ததும் மூடிவிட்டு ஏறுவாள். ஒவ்வொரு முறையும் சீட் பெல்ட்டைப் போட்டுக் கழற்றுவது எரிச்சல். போடாவிட்டால் வண்டி கத்தும், வேகமும் எடுக்காது. அதற்கு எல்லாப் பண்ணைகளிலும் ஒரே வழிதான்: பெல்ட்டை வெறும் சீட்டின் மேல் மாட்டிவிட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொள்வது. அவள் பெல்ட்டை ஒரு வசந்தகாலத்தில் அப்படி மாட்டிவிட்டவர் வெர்ன். அவருக்கு இறங்கும் வேலையே இல்லாததால் தன்னுடையதை ஒழுங்காகப் போட்டிருந்தார்.

இரண்டு கோடைகளுக்கு முன்னால், மூன்றாவது கேட்டுக்கு மேலே உள்ள சரிவில் முட்செடிக் களைக்கு மருந்தடிக்கப் போனார்கள். களை குறுக்குவாட்டில் படர்ந்திருந்தது. அன்றைக்கு மட்டும் குறுக்கே ஓட்டினார். பின்னால் மருந்துத் தொட்டி பாதி காலியாகியிருந்தது. நிறைந்த தொட்டி அசையாது. பாதித் தொட்டியில் வண்டி சாய்ந்து முடித்த பிறகுதான் தண்ணீர் சாய்ந்து வண்டியையும் இழுக்கிறது. மேல்பக்கச் சக்கரம் வளை தோண்டும் சிறு விலங்கான வளைக்கரடி குவித்த மண்மேட்டில் ஏறியது. வெர்ன் செய்ய வேண்டியதைச் செய்தார், கீழ்நோக்கித் திருப்பினார். வண்டி ஒரு முறை உருண்டு நாலு சக்கரத்திலும் வந்து நின்றது. கண்ணாடி கூட உடையவில்லை. பெல்ட்டுக்குள் அவர் பத்திரமாக இருந்தார். பக்கத்துச் சீட்டில் மாட்டிய பெல்ட் மாட்டியபடியே இருந்தது. அர்லிஸ் புல்லில் கிடந்தாள்.

வெர்ன் அவ்வளவு நன்றாக ஓட்டியிருக்காவிட்டால் இருவருமே போயிருப்பார்கள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பாராட்டில் இவ்வளவு கொடுமை இருக்க முடியும் என்பதை அவர் அதுவரை அறிந்ததில்லை.

அக்டோபர் கடைசியில் வானம் தெளிந்தது. பக்கத்துப் பண்ணை ராய்ஸ் வந்து, அவள் சீட்டில் தோளுக்கு இரண்டும் இடுப்புக்கு இரண்டுமாக நாலு பட்டை முடுக்கிக் கொடுத்தான். முதுகுக்கு ஒரு தாங்கியும் வைத்தான். முந்தின நாளே வெர்ன் மூன்றாவது கேட்டுக்கு மேல் கம்பு ஊன்றி நடந்து, ஒவ்வொரு வளையையும் கல்லையும் பார்த்து வைத்தார். முதுகெலும்பு போல நேராக ஏறும் மேட்டு வழி ஒன்று இருந்தது. குறுக்கே போகவே வேண்டாம்.

கிளம்பினார்கள். முதல் கேட்டில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, பிரேக்கைப் பூட்டி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு இறங்கினார். அவள் சிரித்துவிட்டாள்.

"சவ ஊர்வலம் கூட இதவிட வேகமாப் போகும், வெர்ன்."

கம்பி கேட்டைக் கட்டியவர் அவர்; திறந்து பழகியவள் அவள். முனைக் கட்டையை எவ்வளவு இழுத்தும், அதைத் தூணோடு பிடித்திருந்த கம்பி வளையம் கழலவில்லை.

"தோள வெச்சு அழுத்து. கட்டிப்பிடி. முப்பது வருஷமா, குதிரை மேலயும் வண்டியிலயும், நான் கட்டிப்பிடிச்சத உக்காந்து பாத்துட்டுத்தான இருந்த?"

"பாக்கல. மாட்டப் பாத்துட்டிருந்தேன்."

"அது தெரியும்," என்றாள்.

இரண்டாவது கேட் சீக்கிரம் திறந்தது. மூன்றாவதைத் திறந்து, வண்டியை உள்ளே விட்டு, மீண்டும் இறங்கி மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார். அவளுடைய பட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். எதுவும் அசையவில்லை. வண்டி உருண்டாலும் இவள் விழ மாட்டாள். அது அவருக்குத் தெரியும். தெரிவது போதவில்லை.

லோ கியரில் நேராக ஏறினார். பாதிச் சரிவில் முன்சக்கரம் ஒரு கல்லில் ஏறி, கையளவு எழும்பியது. எதுவும் ஆகவில்லை. அவர் கால் தானாகவே பிரேக்கை மிதித்திருந்தது.

மேலே பைன் மரங்கள் தெரிந்தன. அவற்றைத் தாண்டினால் மிச்சமிருக்கும் கேட்டெல்லாம் சமதளத்தில்தான்.

"அந்தக் கல்லு எப்பவும் அங்கதான் இருக்கு," என்றாள் அர்லிஸ். "ஏறிடும்."

"முடியாது."

"வண்டியாலயா, உன்னாலயா?"

ஏற்றத்தில் நின்றுவிட்டால் வண்டியைத் திருப்பக் கூடாது. ரிவர்ஸ் போட்டு, பிரேக்கை மெல்ல விட்டு விட்டு, நேராகப் பின்னால் இறங்க வேண்டும். அப்படியே இறங்கினார். ஒரு சாண் கூட விலகவில்லை. யாராவது பார்த்திருந்தால் மெச்சியிருப்பார்கள்.

கீழே வந்து கேட்டைத் திறந்து, வெளியே விட்டு, மூடினார். இந்த முறை ஒரே தள்ளில் வளையம் மாட்டிக்கொண்டது. திரும்பியபோது அவள் அவரைப் பார்க்கவில்லை. தலையை மட்டும்தான் அவளால் திருப்ப முடியும் அந்தப் பட்டைகளுக்குள். அதை மேட்டுப் பக்கம் திருப்பி வைத்திருந்தாள்.

"கொஞ்ச நேரம் இங்கேயே நில்லு," என்றாள். "சத்தம் கேக்குதான்னு பாக்கறேன்."

இன்ஜினை அணைத்தார். ஊற்று அங்கிருந்து கேட்கும் தூரத்தில் இல்லை. இருவருக்கும் தெரியும். குளிர் ஏறும்வரை நின்றார்கள்.

அந்த வாரமே பனி விழுந்தது. பட்டைகளைக் கழற்றிப்போக வந்த ராய்ஸ், எப்படி இருந்தது பயணம் என்று கேட்டான். வெர்ன் வாயைத் திறப்பதற்குள் ஜன்னலோரக் கட்டிலிலிருந்து அவள் முந்திக்கொண்டாள்.

"போய்ட்டு வந்தோம். வெர்ன் ஒரு தப்பும் பண்ணல."

ராய்ஸ் அவர் தோளில் தட்டினான். எப்போதும் சொல்வேனே, இந்தப் பக்கத்தில் உன்னைப் போல ஓட்ட ஆள் இல்லை என்றான். வெர்ன் கோட்டை மாட்டிக்கொண்டு, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, அவனுக்கு முன்னால் வெளியே நடந்தார்.