பேரூரைத் தாண்டாத கார்

அந்தக் காரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது. இரண்டே பேர் உட்காரக்கூடிய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார். மலைத் தோட்டத்தை விற்றுவிட்டுச் சீமைக்குக் கப்பலேறிய ஒரு துரையிடமிருந்து பருத்தி ஜின்னிங் ஃபேக்டரி முதலாளி ஒருவர் வாங்கியிருந்தார். கோயமுத்தூரில் எனக்கு அப்போது ஒரு சின்ன ஒர்க்ஷாப். முப்பதுகளில் என் கைக்கு வந்த வண்டிகளிலேயே அழகானது அதுதான். என் உயிரை வாங்கியதும் அதுதான்.

பெட்ரோல் டாங்க் வண்டியின் பின்னால் தாழ்வாக இருந்தது. எஞ்சின் தான் உறிஞ்சும் வேகத்திலேயே பெட்ரோலை முன்னால் இழுத்து, பானெட்டுக்குள் இருந்த ஒரு டப்பாவில் நிரப்பும். டப்பாவிலிருந்து அது கார்புரேட்டருக்கு வடியும். எஞ்சினுக்கும் டப்பாவுக்கும் நடுவே ஒரு ரப்பர் குழாய். அதிலிருந்து கிளை பிரிந்து, அதே உறிஞ்சலில் ஆடும் வைப்பருக்கு ஒரு குழாய். இவற்றில் எங்கே ஓட்டை விழுந்தாலும் பெட்ரோல் ஏறாது, வண்டி நின்றுவிடும்.

அந்த வருஷம் ஆயுத பூஜை முடிந்த நாலாம் நாள் வண்டி நின்றது. பூஜைக்குப் பிறகு முதல் தடவையாக முதலாளி அதில் தொண்டாமுத்தூர் தோட்டத்துக்குப் போகும் வழியில், ஊரிலிருந்து நாலு மைல் தள்ளி, பேரூருக்குப் பக்கத்தில். டிரைவர் இரண்டு மாடுகளைப் பூட்டி இழுத்துக்கொண்டு வந்து என் கொட்டகையில் விட்டார்.

டிரைவர் அதிர்ந்து பேசாத மனிதர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர். முதலாளி பங்களாவின் பின்கட்டில் ஓர் அறையில் மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் குடியிருந்தார். வேலை போனால் வீடும் போகும்.

"பூசைக்குப் பொறகுதானுங்க மேஸ்திரி இப்படி. அதுக்கு முந்தி ஒரு நாளும் நின்னதில்லீங்க" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அவர் வேதக்காரர் என்பதால், காருக்குப் பூஜை போட முதலாளி என்னைத்தான் கூப்பிட்டிருந்தார். மற்றவர்கள் பானெட்டின்மேல் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போவார்கள். நான் பானெட்டைத் திறந்து, கை எட்டிய பாகத்துக்கெல்லாம் சந்தனம் குழைத்து அப்பி, நடுவில் குங்குமம் வைத்திருந்தேன். சாமி கும்பிட்டதால் வண்டி நிற்கிறது என்கிறாரா? ஓட்டுவதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லி அவர் வாயை அடைத்தேன்.

குழாய்தான் கெட்டிருக்கிறது என்று எனக்குச் சந்தேகமே இல்லை. பழைய ரப்பர் விறைத்து வெடித்துத்தான் இருந்தது. சைக்கிள் டியூபை வெட்டி மாட்டினேன். எஞ்சின் உறிஞ்சிய உறிஞ்சலில் அது அப்பளமாக ஒட்டிக்கொண்டது. மருந்துக்கடையில் எனிமா குழாய் வாங்கி மாட்டினேன். வண்டி ஓடியது. குதூகலமாகக் கொடுத்தனுப்பினேன், பேரூரில் நின்றது. புகைபோக்கிக் குழாயின் சூட்டில் இளகியிருக்கும் என்று, அடுத்த நாள் அதைச் சுற்றுவழியாக, எஞ்சின் அறையின் தகரச் சுவரோரம் கொண்டுபோய்ச் செம்புக் கம்பியால் கட்டினேன். அந்த இடுக்கில் கை நுழையாமல் விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்தது. மறுபடி ஓடியது. மறுபடி பேரூர். மெட்ராஸிலிருந்து கனத்த குழாய் வரவழைத்து வைப்பர் கிளையையும் சேர்த்து மாற்றினேன். அப்போதும் பேரூர்தான். கொட்டகையில் ஓடுகிற சனியன் ரோட்டில் ஏன் ஓடாது என்று ஸ்பேனரைத் தூக்கிச் சுவரில் அடித்தேன்.

முதலாளி நேரிலேயே வந்துவிட்டார். எத்தனை குழாய் மாற்றுவீர்கள் என்று எல்லார் முன்னாலும் கேட்டார். எனக்கு மானம் போனது. டிரைவர் எஞ்சினைச் சூடேற்றி ஓட்டுகிறார், நல்ல குழாயெல்லாம் அவர் கையில் வெந்துபோகிறது என்று சொல்லிவிட்டேன். டிரைவர் அங்கேதான் நின்றார். மறுநாள் காலை பின்கட்டு அறை காலியாகிவிட்டது.

இரண்டு நாள் கழித்து, டப்பாவின் மூடியில் கீறல் இருக்குமோ என்று பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்தேன். காய்ந்த சந்தனம் பொருக்காகப் பெயர்ந்தது. உடனே உஸ்ஸென்று காற்றை இழுக்கும் சத்தம், தொடர்ந்து உள்ளே பெட்ரோல் கொடகொடவென்று இறங்கும் சத்தம். மூடியோரத்தில் மூச்சுவிட ஒரு சின்னத் துவாரம் உண்டு. அது அடைத்தால் டப்பாவிலிருந்து பெட்ரோல் வடியாது. நான் குழாயைக் கழற்றிய ஒவ்வொரு தடவையும் அந்த வழியாகக் காற்று புகுந்திருக்கிறது; அந்தக் காற்று பேரூர் வரைக்கும் தாங்கியிருக்கிறது. இந்தத் துவாரம் எனக்குத் தெரியாததா? அதன்மேல் சந்தனத்தை அப்பியது என் கட்டைவிரல். எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது.

முதலாளியிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவர், டிரைவர் வந்தால் வேலைக்கு வைத்துக்கொள்கிறேன் என்றார்.

டிரைவர் போத்தனூரில், ரயில்வேயில் இருந்த மச்சான் வீட்டில் இருந்தார். அந்தக் காரிலேயே போனேன். வெளியே வந்து என்னைப் பார்க்கும் முன் காரைப் பார்த்தார். எல்லாவற்றையும் சொல்லி, தப்பு என்னுடையது, வாருங்கள் என்று கூப்பிட்டேன். மேட்டுப்பாளையம் பஸ் ஓட்ட வருவதாக வாக்குக் கொடுத்துவிட்டதாகவும், இனி அந்த வீட்டுக்கு வருவதற்கில்லை என்றும் தன்மையாகச் சொன்னார். பிறகு பானெட்டைக் காட்டினார்.

"அந்தத் தொளைமேல சந்தனம் இருந்தது எனக்குத் தெரியுமுங்க மேஸ்திரி. வண்டி நின்ன அன்னிக்கே பாத்துப்போட்டேன்."

தெரிந்துமா சும்மா இருந்தீர்கள் என்று கேட்டேன்.

"சொல்ல வந்தப்பவே ஓட்டுறதோட நிறுத்திக்கச் சொல்லிப்போட்டீங்க. அது பூசைச் சந்தனமுங்க. அதை நான் சொரண்டிப்போட்டிருந்தா, நீங்க என்னை என்னன்னு சொல்லியிருப்பீங்க?"

என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். வேதக்காரன் சாமி சந்தனத்தில் கைவைத்துவிட்டான் என்று முதலாளியிடம் முதல் ஆளாக ஓடியிருப்பேன்.